ஒரே ஹீட் பம்பில் பல அறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே ஒரு யூனிட், உள்ளே இரண்டு முதல் ஐந்து யூனிட் என்று வரும் மல்டி ஸ்ப்ளிட் ஹீட் பம்ப் பற்றிய பக்கம் இது. ஒன்ராறியோவில், ரொறன்ரோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வீடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பேஸ்போர்ட் ஹீட்டரின் (சுவரடியில் பொருத்தும் மின்ஹீட்டர்) கரண்ட் பில்லால் தவிப்பவர்களும், பழைய கேஸ் ஃபர்னஸை மாற்ற நினைப்பவர்களும்தான் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் 3, 4, 5ஆம் கேள்விகளையாவது படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

1. ஒரே வெளி யூனிட் எப்படிப் பல அறைகளைச் சூடாக்குகிறது?

ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. மைனஸ் 15 டிகிரிக் காற்றிலும் எடுப்பதற்குச் சூடு இருக்கிறது. சூட்டைச் சுமந்தபடி குழாய்களுக்குள் சுற்றும் குளிர்வாயு அதைவிடக் குளிராக இருந்தால் போதும்.

மல்டி ஸ்ப்ளிட்டில் கம்ப்ரஸர் ஒன்றுதான். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு, மூன்று, நான்கு என்று ஜோடி ஜோடியாக வால்வுகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் இரண்டு செப்புக் குழாய்களும் ஒரு கேபிளும் ஒரு அறைக்குப் போகும். எந்த அறைக்கு எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதை வெளி யூனிட்டுக்குள் இருக்கும் சிறிய மின்வால்வுகள் திறந்து மூடித் தீர்மானிக்கின்றன. ஒரு அறைக்குப் போகும் குழாயிலிருந்து கிளை பிரித்து இன்னொரு அறைக்குக் கொடுக்க முடியாது.

2. மைனஸ் 20இல் இது வேலை செய்யுமா?

குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்யப்பட்ட மாதிரியாக இருந்தால் செய்யும். சாதாரண மாதிரி என்றால், பெட்டியில் எழுதியிருக்கும் 24,000 பிடியூ (ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டின் அளவு) என்பது வெளியே 8 டிகிரி இருக்கும்போது கிடைப்பது. குளிர் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். அதனால் விற்பவரிடம் "எத்தனை பிடியூ?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "மைனஸ் 15இல் எத்தனை? மைனஸ் 20இல் எத்தனை?" என்று கேளுங்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்கான நீப் அமைப்பு வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு மாதிரிக்கும் 8, மைனஸ் 8, மைனஸ் 15 டிகிரிகளில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் தனித்தனியாக இருக்கும். இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் இடம்பெற, மைனஸ் 15இல் ஒரு பங்கு கரண்டுக்குக் குறைந்தது 1.75 பங்கு சூடு தர வேண்டும். இந்த விகிதத்தைத்தான் சி.ஓ.பி. என்கிறார்கள். பேஸ்போர்ட் ஹீட்டரின் சி.ஓ.பி. எப்போதும் 1.

3. என் வீட்டுக்கு எத்தனை பிடியூ வேண்டும்?

சதுர அடியைப் பெருக்கிச் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். "சதுர அடிக்கு 30 பிடியூ" என்ற வாய்க்கணக்கால் தேவையைவிட இரண்டு மடங்கு பெரிய யூனிட் வந்து சேர்ந்த வீடுகள் ஏராளம். கனடாவில் இதற்கான முறையான கணக்கு சி.எஸ்.ஏ. எஃப்280. வீட்டின் சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் அறை அறையாகக் கணக்கிடும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கேஸ் ஃபர்னஸ் வீடு என்றால் ஜனவரி மாத பில்லை எடுங்கள். 300 கன மீட்டர் கேஸ் போயிருக்கிறது, கோடையில் சுடுநீருக்கு மட்டும் மாதம் 50 போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 250 வீட்டைச் சூடாக்கப் போனது. ஒரு கன மீட்டர் கேஸ், 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் எரிந்தால் சுமார் 10 கிலோவாட்-மணி சூடு தரும். ஆக 2,500 கிலோவாட்-மணி. ஜனவரியின் 744 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 3.36 கிலோவாட்.

அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 4 என்றால், 18இலிருந்து இடைவெளி 22 டிகிரி. வீட்டை 21இல் வைத்தாலும் 18ஐ ஏன் எடுக்கிறோம் என்றால், மனிதர்கள், அடுப்பு, வெயில் இவற்றின் சூடு மீதி மூன்று டிகிரியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்காபரோவுக்குக் கட்டட விதிகள் கொடுக்கும் வடிவமைப்பு வெப்பநிலை, அதாவது ஹீட்டரின் அளவைக் கணக்கிட எடுக்கும் கடுங்குளிர், மைனஸ் 20. அப்போது இடைவெளி 38. 3.36ஐ 38ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் 5.8 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 20,000 பிடியூ. அவ்வளவு குளிரான இரவில் முழு வீட்டுக்கும் வேண்டியது இவ்வளவுதான். இதே வீட்டின் ஃபர்னஸில் 60,000 என்று எழுதியிருக்கும். "அதற்குச் சமமாகப் போடுகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம்.

ஒட்டாவாவில் வடிவமைப்பு வெப்பநிலை மைனஸ் 25. அங்கே 38க்குப் பதில் 43 போடுங்கள். பேஸ்போர்ட் வீடுகளுக்கு இன்னும் எளிது: ஜனவரி பில்லின் கிலோவாட்-மணியிலிருந்து ஹீட்டரும் ஏசியும் ஓடாத ஒரு மாதத்தின் பில்லைக் கழித்தால் வருவது அப்படியே சூடு.

4. நான்கு அறை இருக்கிறது. நான்கு உள் யூனிட் போடுவதுதானே முறை?

இந்தப் பக்கம் எழுதப்பட்டதே இந்தக் கேள்விக்காகத்தான். பெரும்பாலான வீடுகளில் வேண்டாம் என்பதே பதில். காரணத்தை ஒரு படுக்கையறையை வைத்துப் பார்ப்போம்.

அறை 3.5 மீட்டருக்கு 3 மீட்டர். வெளிச்சுவர் ஒன்று, 8.4 சதுர மீட்டர். அதில் ஜன்னல் 1.5. மேலே பஞ்சு போட்ட அட்டிக். சுவர் வழியே டிகிரிக்கு 2.4 வாட், ஜன்னல் வழியே 2.7, கூரை வழியே 1.6, காற்றுக் கசிவில் 2.5 போகும். கூட்டினால் 9.2 வாட். வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்றால் இடைவெளி 41 டிகிரி. அந்த அறைக்கு வேண்டியது 377 வாட், அதாவது சுமார் 1,300 பிடியூ. மூலை அறையாக இருந்து இன்னொரு வெளிச்சுவர் சேர்ந்தாலும் 1,650ஐத் தாண்டாது.

சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய உள் யூனிட் பெரும்பாலும் 6,000 பிடியூ. தேவையைவிட நான்கு மடங்கு. அதோடு விஷயம் முடியவில்லை. கம்ப்ரஸரால் ஒரு எல்லைக்குக் கீழே இறங்க முடியாது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று வரும் ஒற்றை யூனிட்டுகள் பல 2,000 பிடியூ வரை இறங்கி மெதுவாக ஓடும். நான்கு அறைக்கான மல்டி வெளி யூனிட்டின் குறைந்தபட்சமோ பல மாதிரிகளில் 6,000இலிருந்து 12,000 வரை இருக்கிறது. வெளியே பூஜ்யம் டிகிரி இருக்கும் ஒரு மார்ச் மாத இரவில் அந்தப் படுக்கையறைக்கு வேண்டியது 660 பிடியூ. அது மட்டும் சூடு கேட்டால், கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும், ஐந்து நிமிடத்தில் அறை கொதிக்கும், நிற்கும். பிறகு மறுபடி ஓடும். இப்படி இரவு முழுக்க நின்று நின்று ஓடினால் சி.ஓ.பி. விழுகிறது, கம்ப்ரஸர் தேய்கிறது, தூங்குபவருக்கு ஒரு முறை வெக்கை, ஒரு முறை குளிர். பெட்டியில் எழுதியிருக்கும் நல்ல எண்கள் எல்லாம் மெதுவாக, நிற்காமல் ஓடும்போது கிடைப்பவை.

குளிர்காலத்தின் பெரும்பகுதி மைனஸ் 20இல் கழிவதில்லை. மைனஸ் 5க்கும் 8க்கும் இடையில்தான் கழிகிறது. அதனால் அதிகபட்சத்தைப் போலவே குறைந்தபட்சத்தையும் பாருங்கள். 8 டிகிரியில் யூனிட்டின் குறைந்தபட்சம், அந்த வெப்பநிலையில் முழு வீட்டுக்கும் வேண்டியதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மேலே சொன்ன 20,000 பிடியூ வீட்டுக்கு 8 டிகிரியில் வேண்டியது 5,300 பிடியூதான். 11,000க்குக் கீழே இறங்காத யூனிட்டை அங்கே மாட்டினால் வசந்தமும் இலையுதிர்காலமும் முழுக்க அது தடுமாறிக்கொண்டே இருக்கும்.

5. அப்படியானால் படுக்கையறைகளை எப்படிச் சூடாக்குவது?

மூன்று வழிகள். எங்கள் பரிந்துரை முதலாவது.

ஒரு சிறிய டக்ட் யூனிட். உயரம் 20, 25 சென்டிமீட்டர்தான் இருக்கும். நடைபாதையின் சீலிங்கைக் கொஞ்சம் இறக்கி அதற்குள் வைத்து, இரண்டு மூன்று படுக்கையறைக்கும் குட்டையான டக்ட் கொடுக்கலாம். 9,000 பிடியூ யூனிட் ஒன்று மூன்று அறைக்குத் தாராளம். மூன்று சிறிய தேவைகள் ஒன்று சேர்ந்து கம்ப்ரஸருக்கு மதிக்கத்தக்க ஒரு தேவையாகிவிடுகின்றன. இந்த யூனிட்டுகளின் விசிறி பலமற்றது. 25 முதல் 50 பாஸ்கல் அழுத்தம்தான் தரும். நீண்ட, வளைந்து நெளிந்த ஃப்ளெக்ஸ் டக்ட் போட்டால் கடைசி அறைக்குக் காற்று வராது. காற்று திரும்பி வரவும் வழி வேண்டும்: கதவின் அடியில் 2 சென்டிமீட்டர் இடைவெளி, அல்லது கதவுக்கு மேலே ஒரு கிரில். தயவுசெய்து இதை அட்டிக்கில், பஞ்சுக்கு மேலே வைக்க விடாதீர்கள். மைனஸ் 15இல் இருக்கும் இடத்தில் சூடான குழாயை ஓட்டுவது காசைக் கூரை வழியே விடுவதுதான். கோடையில் அதே டக்ட் வியர்த்துச் சீலிங்கில் கறை விழும்.

இரண்டாவது: ஹாலில் ஒரு நல்ல யூனிட், படுக்கையறைகளில் பழைய பேஸ்போர்ட். பகலில் கதவுகள் திறந்திருந்தால் படுக்கையறை ஹாலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். பலருக்குத் தூங்க அதுவே சுகம். கதவைச் சாத்தினால் பேஸ்போர்ட் மீதியைப் பார்த்துக்கொள்ளும். செலவு மிகக் குறைந்த வழி இது.

மூன்றாவது, அறைக்கு ஒன்று என்று மாட்டுவது. பெரிய மாஸ்டர் படுக்கையறை, கராஜுக்கு மேலே இருக்கும் அறை, மூன்று பக்கமும் கண்ணாடி உள்ள சன்ரூம் இவற்றுக்கு அது சரி. அங்கே தேவை உண்மையிலேயே பெரிது.

6. ஒரு மல்டியா, தனித்தனியாக இரண்டு ஒற்றை யூனிட்டா?

வெளியே இடம் இருந்தால் இரண்டு ஒற்றை யூனிட். அவை இன்னும் கீழே இறங்கி மெதுவாக ஓடும், சி.ஓ.பி. கூடுதல், ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். டவுன்ஹவுஸ் போல வெளிச்சுவர் குறுகிய வீடு, கொண்டோ, பிரேக்கர் பெட்டியில் இடம் இல்லாத வீடு இவற்றுக்கு மல்டி பொருந்தும்.

7. ஒரு அறையில் ஹீட், இன்னொரு அறையில் கூல் ஓடுமா?

ஓடாது. குளிர்வாயு ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போகும். ஒருவர் ஹீட் போட்டிருக்கும்போது இன்னொருவர் கூல் போட்டால், பெரும்பாலான மாதிரிகளில் முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். மற்ற யூனிட் லைட் மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். ஆட்டோ மோடில் விட்டிருக்கும் யூனிட்டுகள்தான் ஏப்ரல், அக்டோபரில் இந்தச் சண்டையைத் தொடக்கிவைக்கும். எல்லா ரிமோட்டையும் ஹீட்டிலோ கூலிலோ நிரந்தரமாக வையுங்கள். யூனிட் பழுது என்று அழைக்கப்படும் பல அழைப்புகள் இதோடு தீர்ந்துவிடும்.

8. ஆஃப் செய்த அறையும் சூடாகிறது, உஸ் என்று சத்தமும் வருகிறது. பழுதா?

பழுதில்லை. ஹீட் மோடில் ஆஃப் ஆன யூனிட்டின் வால்வை முழுக்க மூடினால் குளிர்வாயு அதற்குள் திரவமாகித் தேங்கும். ஓடும் அறைகளுக்கு வாயு பற்றாமல் போகும். அதனால் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு ஓட்டமே சத்தமும் சூடும். சிறிய படுக்கையறை ஒன்று இதனாலேயே ஆஃபில் இருந்தும் 24 டிகிரிக்குப் போகலாம். 4ஆம் கேள்விக்கு இது இன்னொரு காரணம்.

9. பேஸ்மென்டுக்கு வேண்டுமா?

அதன் சுவரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதால் தேவை குறைவு. ஆட்கள் குடியிருந்தால் தரைமட்டத்தில் வைக்கும் யூனிட் ஒன்று போடுங்கள். சூடு கீழிருந்து பரவும், காலடி குளிராது. வாடகைக்கு விட்ட பேஸ்மென்ட் என்றால் மேல்வீட்டின் மல்டியோடு சேர்க்கவே வேண்டாம். கூலா ஹீட்டா என்பதிலும், கரண்ட் பில்லிலும் இரு குடும்பத்துக்கும் மனக்கசப்பு வரும்.

10. வெளி யூனிட்டை எங்கே வைப்பது?

தரையிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில், இரும்பு ஸ்டாண்டின் மேல். கோடைக்கான ஏசி போலச் சிமெண்டுப் பலகையில் வைத்தால் முதல் பெரிய பனிப்பொழிவிலேயே பாதி மூடிவிடும். சுவரில் பிராக்கெட் அடிக்கலாம்; மரச்சட்டச் சுவரில் அதிர்வு படுக்கையறைக்குக் கேட்கும் என்பதால் ஸ்டாண்டே நல்லது.

கூரை விளிம்புக்கு நேர் கீழே வைக்காதீர்கள். உருகிச் சொட்டும் தண்ணீர் யூனிட்டின் மேல் உறைந்து விசிறியை உடைக்கும். நடக்கும் பாதையின் ஓரமும் வேண்டாம். ஹீட் ஓடும்போது வெளி யூனிட்டிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் வடியும். அது பாதையில் கண்ணாடிபோல் உறைந்து ஆட்களை விழுத்தும். யூனிட்டின் அடித்தட்டில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வடிகால் துளை உறைந்து, ஐஸ் உள்ளேயே வளர்ந்து விசிறி இறக்கையைத் தொடும். கடகட என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். சுத்தியலும் கத்தியும் அருகில் போகக்கூடாது. அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது குளிர்வாயுக் குழாய்.

11. திடீரென்று எல்லா அறையிலும் சூடு நின்று, வெளியே புகை வருகிறதே?

அது நீராவி. வெளிச் சுருளில் படியும் உறைபனியைக் கரைக்க யூனிட் சில நிமிடங்கள் திசை மாறி ஓடுகிறது, டிஃப்ராஸ்ட் என்பார்கள். 5 முதல் 10 நிமிடம். ஒரே கம்ப்ரஸர் என்பதால் எல்லா அறையும் சேர்ந்து நிற்கும். மைனஸ் 15இன் வறண்ட குளிரைவிட, ஈரமான 0 டிகிரி நாளில்தான் இது அடிக்கடி நடக்கும். அரை மணிக்குள் மீண்டும் மீண்டும் வந்தாலோ, முடிந்த பிறகும் சுருளின் கீழ்ப்பாதி வெள்ளையாகவே இருந்தாலோ வாயு குறைந்திருக்கலாம், ஆளை அழையுங்கள்.

12. பொருத்தும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

யூனிட் எந்தக் கம்பெனி என்பதைவிடப் பொருத்தும் கை முக்கியம். மல்டியில் நான்கு அறை என்றால் எட்டுக் குழாய்கள், பதினாறு ஃப்ளேர் இணைப்புகள். ஒன்று கசிந்தாலும் மொத்த வீடும் குளிரும்.

ஃப்ளேர் என்பது செப்புக் குழாயின் நுனியைப் புனல்போல் விரித்து நட்டால் இறுக்குவது. வெட்டிய பிறகு உட்பக்கப் பிசிறைக் குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி சுரண்ட வேண்டும். செப்புத் தூள் உள்ளே விழுந்தால் மின்வால்வில் போய்ச் சிக்கும். இறுக்குவதற்கு டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வேண்டும். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலத்துக்கு 34 முதல் 42. கைப்பழக்கத்தில் இறுக்குபவர் கால் அங்குலத்தைத்தான் அதிகம் நசுக்கிவிடுவார். முதல் குளிர்காலத்தில் வெடிப்பு விடும்.

அடுத்து நைட்ரஜன் சோதனை. கையேட்டில் சொன்ன அழுத்தத்தில், வழக்கமாக 500 பிஎஸ்ஐ அளவில் நிரப்பி, சோப்பு நுரை தடவி ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. காலையில் காற்று 10 டிகிரி குளிர்ந்திருந்தால் அளவு தானாகவே 18 பிஎஸ்ஐ போல இறங்கியிருக்கும். அது கசிவு இல்லை.

பிறகு வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. மைக்ரான் கேஜ் (வெற்றிடத்தை அளக்கும் கருவி) இல்லாமல் வேக்கம் எடுப்பவரை ஏற்காதீர்கள். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை மூடி, பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அளவு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். ஏறிக்கொண்டே போனால் கசிவு. "இருபது நிமிடம் ஓட்டினேன், போதும்" என்பது அளவே இல்லை.

கடைசியில் வாயுக் கணக்கு. வெளி யூனிட்டில் குறிப்பிட்ட குழாய் நீளத்துக்கு மட்டும் வாயு நிரப்பி வரும். உதாரணமாக 30 மீட்டர் வரை போதும், அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்று கையேடு சொன்னால், எல்லா அறைக் குழாயும் சேர்ந்து 48 மீட்டர் வரும் வீட்டுக்கு 360 கிராம் கூட்ட வேண்டும். தராசில் நிறுத்துத்தான் கூட்ட வேண்டும். போட்ட எடையை யூனிட்டின் ஸ்டிக்கரில் எழுதச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வரும் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்.

மல்டிக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ஏ வால்வில் ஹாலின் குழாய், ஏ கேபிளில் படுக்கையறை என்று மாறிப் போவது. ஹாலில் ஹீட் போட்டால் படுக்கையறை வால்வு திறக்கும். ஹாலில் வெறும் குளிர்காற்று வரும். எல்லா அறையும் சேர்ந்து ஓடும்போது இது தெரியாது. அதனால் ஆட்கள் கிளம்பும் முன் ஒரு அறையை மட்டும் போட்டு 15 நிமிடம் பாருங்கள், அணைத்துவிட்டு அடுத்த அறை. முழு வீட்டுக்கும் ஒரு மணி நேரம்தான்.

குளிர்வாயுவைக் கையாள்பவரிடம் ஓ.டி.பி. அட்டையும் (ஓசோன் படலத்தைக் காக்கும் பயிற்சி பெற்றதற்கானது), ஒன்ராறியோவில் 313ஏ அல்லது 313டி என்ற ஏசி மெக்கானிக் தகுதியும் இருக்க வேண்டும். மின் இணைப்பு லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, மின்பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும். அந்தச் சான்றின் பிரதியை வாங்கி வையுங்கள்; வீடு விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் கேட்பார்கள்.

13. 100 ஆம்பியர் பேனல் போதுமா?

பெரும்பாலும் போதும். மூன்று அறை மல்டிக்கு 240 வோல்ட்டில் 30 அல்லது 40 ஆம்பியர் இரட்டை பிரேக்கர் வேண்டும். பேஸ்போர்ட் வீட்டில் ஏற்கெனவே அதைவிட அதிகம் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்கார் சார்ஜரும் வரப்போகிறது என்றால் எலக்ட்ரீஷியனிடம் சுமைக் கணக்கைச் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

14. 21இல் வைத்தும் அறை 18தான் இருக்கிறது. ஏன்?

சென்சர் உள் யூனிட்டுக்குள், சீலிங்கை ஒட்டி இருக்கிறது. சூடான காற்று மேலே ஏறுவதால் அது 21ஐப் பார்த்துவிட்டது. சோபாவில் இருக்கும் உங்களுக்கு 18. காற்றுத் தகட்டை முழுக்கக் கீழ்நோக்கி வையுங்கள், விசிறியைக் கூட்டுங்கள். விசிறி வேகம் கூடினால் சி.ஓ.பி.யும் கூடும். அப்படியும் சரியாகாவிட்டால் எண்ணை 23 என்று வைக்கத் தயங்க வேண்டாம். அது வெறும் எண்தான். உட்காரும் உயரத்தில் சுவரில் மாட்டும் கண்ட்ரோலர் வாங்கி, சென்சரை அதற்கு மாற்றுவது நிரந்தரத் தீர்வு.

15. இரவில், வேலைக்குப் போகும்போது குறைத்து வைக்கலாமா?

ஃபர்னஸ் காலத்துப் பழக்கம். ஒன்றிரண்டு டிகிரி பரவாயில்லை. 21இலிருந்து 16க்கு இறக்கினால், காலையில் ஆகக் குளிரான நேரத்தில் கம்ப்ரஸர் முழு மூச்சில் ஓட வேண்டிவரும், அப்போது சி.ஓ.பி. மிகக் குறைவு. அதோடு படுக்கையறை பேஸ்போர்ட்டும் சேர்ந்துகொள்ளும். பேஸ்போர்ட் தெர்மோஸ்டாட்டை எப்போதும் ஹீட் பம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக வையுங்கள். சமமாக வைத்தால் செலவு கூடிய ஹீட்டரே முந்திக்கொண்டு வேலை செய்யும்.

16. நம் சமையலுக்கு ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும், கட்டாயம். ஹாலும் குசினியும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீடுகளில், தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் எண்ணெய்ப் புகை நேரே உள் யூனிட்டுக்குள் போகிறது. ஃபில்டரில் மெல்லிய பசைபோல் படியும், அதில் தூசி ஒட்டும், பிறகு உள்ளே உருளை விசிறியின் இறக்கைகளில் கறுப்பாகப் படியும். காற்று குறைந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும், கரண்ட் கூடும், வாடையும் வரும்.

உள் யூனிட்டை அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, புகை போகும் பாதையில் இல்லாமல் வையுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி வீட்டுக்கு வெளியே ஊதுவதா, சுற்றி உள்ளேயே விடுவதா என்று பாருங்கள். உள்ளே விடுவது எண்ணெய்க்கு உதவாது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். டார்ச் அடித்துக் காற்று வரும் வாயில் பார்த்தால் உருளை தெரியும். கறுத்திருந்தால் பை கட்டித் தண்ணீர் அடித்துக் கழுவும் ஆளை அழைக்க வேண்டிய நேரம்.

17. கேஸைவிட இது மலிவா?

பேஸ்போர்ட்டிலிருந்து மாறினால் சந்தேகமே இல்லை. சரியான அளவில் போட்டால் சூடாக்கும் கரண்ட் பாதி அளவுக்கு இறங்கலாம். கேஸிலிருந்து மாறினால் உங்கள் இரண்டு பில்களையும் எடுங்கள். வரி, விநியோகக் கட்டணம் சேர்த்து ஒரு கிலோவாட்-மணி எத்தனை சதம், ஒரு கன மீட்டர் கேஸ் எத்தனை சதம் என்று பாருங்கள். கரண்ட் விலையை 10ஆல் பெருக்கிக் கேஸ் விலையால் வகுங்கள். கணக்குக்காக 12 சதமும் 45 சதமும் என்றால் 2.7 வரும். குளிர்காலச் சராசரி சி.ஓ.பி. அதைவிடக் கூடினால் ஹீட் பம்ப் மலிவு, குறைந்தால் கேஸ் மலிவு. சரியான அளவில், நிற்காமல் மெதுவாக ஓடும் யூனிட் அந்தக் கோட்டைத் தாண்டும். அளவு தவறிய மல்டி தாண்டாமல் போகலாம்.

18. வீட்டு வாசலுக்கு வந்து "அரசாங்கத் திட்டம், மாத வாடகைதான்" என்கிறார்களே?

கதவைச் சாத்துங்கள். ஏசி, ஃபர்னஸ், சுடுநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு அழையாமல் வாசலுக்கு வந்து ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி உங்கள் வீட்டுப் பத்திரத்தில் உரிமை பதிவதும் 2024இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பு அப்படிப் பதிந்து, வீடு விற்கும்போது பல்லாயிரம் டொலர் கேட்கப்பட்ட குடும்பங்கள் பல. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

உண்மையான மானியத் திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் பல, வேலை தொடங்கும் முன்பே வீட்டை மதிப்பீடு செய்யச் சொல்லும். வெளி யூனிட்டும் உள் யூனிட்டுகளும் சேர்ந்த அதே சேர்க்கை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும் என்றும் கேட்கும். பொருத்திய பிறகு விண்ணப்பித்தால் கிடைக்காமல் போகலாம்.

19. பழைய ஹீட்டரைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். பேஸ்போர்ட்டை அப்படியே விடுங்கள், இருப்பதற்குச் செலவில்லை. மல்டியின் கம்ப்ரஸரோ கட்டுப்பாட்டுப் பலகையோ ஜனவரியில் பழுதானால் பாகம் வர நாட்கள் ஆகலாம். அந்த நாட்களில் குளியலறைக் குழாய் உறையாமல் காப்பது அந்தப் பழைய ஹீட்டர்தான். ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு மாலை அவற்றைப் போட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் தூசி கருகும் வாடை வரும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போய்விடும்.